மறுமுனையில் நிற்பவர்

கிரிக்கெட் ஆட்டத்தில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் பந்தை அடிப்பவர் அல்லர், வீசுபவரும் அல்லர். ஆடுகளத்தின் மறுமுனையில், மட்டையை ஊன்றியபடி, தமக்கு வராத பந்துக்காகக் காத்து நிற்கிறாரே, அவர்தாம். நான்-ஸ்ட்ரைக்கர் என்று ஆட்ட விதிகள் அவரைக் குறிக்கின்றன. அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வர்ணனையை வானொலியில் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு அவர் ‘மறுமுனையில் இருப்பவர்’. வர்ணனையாளர் பந்துவீச்சாளரைப் பற்றி நான்கு வாக்கியங்கள் சொல்வார். மட்டையாளரைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் சொல்வார். பின்பு மூச்சு வாங்கும் இடைவெளியில், ‘மறுமுனையில் இன்னார்’ என்று முடித்துவிடுவார். அவருக்குரிய இடம் அவ்வளவுதான்.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கஜம், ஏறத்தாழ 20 மீட்டர். அடித்தவர் ஓர் ஓட்டம் எடுக்க எவ்வளவு தொலைவு ஓடுகிறாரோ, அதே தொலைவை மறுமுனையில் இருப்பவரும் ஓடியாக வேண்டும். மூன்று ஓட்டங்கள் என்றால் மூன்று முறை. ஆனால் ஓட்டங்கள் அனைத்தும் அடித்தவர் பெயரில் எழுதப்படும்; கூட ஓடியவர் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறாது. போதாததற்கு, கோட்டை எட்டுவதற்குள் பந்து வந்துவிட்டால் ஆட்டமிழந்து வெளியேறுபவர் அவராகவும் இருக்கலாம். உழைப்பில் சரிபாதி, கணக்கில் பூஜ்யம், ஆபத்தில் முழுப்பங்கு. இப்படிப்பட்ட பதவி கிரிக்கெட்டில் மட்டுமே உண்டு என்றுதான் மருத்துவக் கல்லூரியில் சேரும்வரை எண்ணியிருந்தேன்.

நான் சிறுநீரக மருத்துவன். எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வருபவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் சிகிச்சை நடைபெறும். மூன்று முறை வருபவருக்கு வாரத்தில் 12 மணி நேரம். அந்த 12 மணி நேரமும் உள்ளே குளிரூட்டிய அறையில் கட்டிலில் படுத்திருப்பவர் நோயாளி. அதே 12 மணி நேரம் வெளியே இரும்பு நாற்காலியில், மடியில் சாப்பாட்டுப் பையோடு அமர்ந்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் மருத்துவமனை அவருக்குக் கொடுத்திருக்கும் பெயர் ‘அட்டெண்டர்’. கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறோம். நோயாளியின் கோப்பு இரு கைகளால் தூக்க வேண்டிய அளவுக்குத் தடித்திருக்கும். எடை, இரத்த அழுத்தம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின் எல்லாம் தேதிவாரியாக அதில் ஏறியிருக்கும். உடன் வருபவரைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்: உறவுமுறை, தொலைபேசி எண். ‘மனைவி’ என்று ஒரு சொல் எழுதியிருப்போம். வானொலி வர்ணனையாளராவது பெயரைச் சொன்னார்.

நோயை விளையாட்டோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். போரோடு ஒப்பிடுவதைவிட இது மேல் என்பது என் கட்சி. சிறுநீரகம் பழுதடைந்தவரிடம் ‘எதிர்த்துப் போராடுங்கள்’ என்று வாழ்த்துச் சொல்லும்போது, போதிய அளவு போராடாமையால்தான் கிரியேட்டினின் ஏறிற்று என்பது போன்ற ஒரு மறைமுகக் குற்றச்சாட்டும் சேர்ந்தே போய்விடுகிறது. கிரிக்கெட்டில் நல்ல பந்துக்கு எவரும் ஆட்டமிழப்பர். பிராட்மன் 1948இல் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டாவது பந்திலேயே ஓட்டம் ஏதுமின்றி வெளியேறினார்; அவர் போராடவில்லை என்று எவரும் சொன்னதில்லை. மேலும், தேநீர் இடைவேளை உள்ள போர் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இடைவேளையைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

மறுமுனையின் பெருமையை அறிய விரும்புவோர்க்கு நான் பரிந்துரைக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட் 25, இங்கிலாந்தின் லீட்ஸ் நகர், ஹெடிங்லி மைதானம். முதல் இன்னிங்ஸில் 67 ஓட்டங்களுக்குச் சுருண்டுபோன இங்கிலாந்து அணிக்கு, ஆஸ்திரேலியாவை வெல்ல 359 ஓட்டங்கள் தேவை. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் 73 ஓட்டங்கள் மீதமிருந்தன. ஒரு முனையில் பென் ஸ்டோக்ஸ். கடைசி மட்டையாளராக வந்தவர் ஜேக் லீச். சுழற்பந்து வீச்சாளர், மூக்குக் கண்ணாடி அணிந்தவர், பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியரை நினைவூட்டும் தோற்றம். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவ்விருவரும் சேர்ந்து 76 ஓட்டங்கள் எடுத்து இங்கிலாந்தை வெற்றிபெறச் செய்தனர். ஸ்டோக்ஸ் 135 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். லீச் எடுத்தது ஒன்று.

ஆம், ஒன்று. அந்த ஒன்றை எடுக்க அவர் 17 பந்துகளை எதிர்கொண்டார். ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், தடுத்தார், மீண்டும் துடைத்தார். அவர் பந்தை எதிர்கொண்டபோது மறுமுனைக்கு வந்திருந்த ஸ்டோக்ஸ், பார்க்க மனம் வராமல் குனிந்து தரையை நோக்கியிருந்தார். பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அதே மனிதர், தம் கையில் ஒன்றுமில்லாத சில நிமிடங்களில் பட்ட பாட்டைக் கவனியுங்கள். அறுவைச் சிகிச்சை அரங்கின் வாயிலில் நின்றிருப்பவர்களிடம் நான் அன்றாடம் காணும் முகம் அதுதான். வெற்றிக்கு இரண்டு ஓட்டங்களே தேவைப்பட்டபோது, மறுமுனையிலிருந்து ஓடிவந்த லீச்சை ஸ்டோக்ஸ் திருப்பி அனுப்ப, நாதன் லயனின் கைக்கு வந்த பந்து நழுவியதால் லீச் பிழைத்தார். அதற்குப் பின்னர் அவர் எடுத்த அந்த ஒரே ஓட்டம்தான் ஆட்டத்தைச் சமன் செய்தது.

லீச் க்ரோன் நோய் உள்ளவர். குடலில் அழற்சியை உண்டாக்கி, ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் நோய் அது. அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆகவே மருந்துச்சீட்டு, பரிசோதனை, உணவில் கவனம் ஆகியவற்றின் பொருள் அவருக்குத் தெரியும். ஒருவர் நோயாளியாகவும், அதே சமயம் இன்னொருவருக்குத் துணையாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, எங்கள் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவர் எடுக்கும் அந்த ‘ஒன்று’ எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வகுத்துத் தருகிறோம். நாங்கள் தாளில் எழுதிக்கொடுத்துவிடுவோம். ரசமும் மோரும் காப்பியும் மாத்திரை விழுங்கும் மடக்கும் அந்தக் கணக்கில் சேரும் என்று சித்திரை வெயிலில் வீட்டில் நின்று சொல்ல வேண்டியவர் அவர். சொல்லும்போதெல்லாம் வில்லியாகிறவரும் அவர்தாம். அடுத்து, நலம் விசாரிக்க வரும் உறவினர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது மரியாதையன்று. ஆகவே ஒருவர் இளநீர் வெட்டி எடுத்துவருவார். இன்னொருவர் ஒரு சீப்பு வாழைப்பழம். மூன்றாமவர் சாத்துக்குடிச் சாறு. மூன்றும் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் வேலை செய்யாத உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். அன்போடு நீட்டப்படும் இளநீரை, நீட்டியவர் மனம் கோணாமல் வாங்கி, நோயாளியின் கண்ணில் படாமல் சமையலறைக்கு அனுப்புவது எளிய கலையன்று. விக்கெட் காப்பாளர்கள் அதற்கு ஈடாகமாட்டார்கள். இவற்றில் ஒன்றுகூட எங்கள் கோப்பில் ஏறுவதில்லை. மாதாந்திர இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியான அளவில் இருந்தால், ‘ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது’ என்று நோயாளியின் தோளைத் தட்டிக்கொடுக்கிறோம். ஓடியவர் ஒருவர், ஓட்டம் இன்னொருவர் பெயரில்.

இருவர் சேர்ந்து ஓடுவதற்குக் கிரிக்கெட் மிகச் சிக்கனமான ஒரு மொழியை வைத்திருக்கிறது. மூன்றே சொற்கள்: ‘யெஸ்’, ‘நோ’, ‘வெயிட்’. வா, வேண்டாம், பொறு. பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கு முதலில் கற்றுத்தருபவற்றுள் இதுவும் ஒன்று. சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒரே முறை சொல்ல வேண்டும், சொன்னதை மாற்றக்கூடாது.

இதைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு 1999 உலகக் கோப்பை அரையிறுதியே போதும். ஜூன் 17, பர்மிங்ஹாம். மருத்துவக் கல்லூரி விடுதியின் தொலைக்காட்சி அறையில், மறுநாள் தேர்வு இருந்தும், நாங்கள் நாற்பது பேர் நின்றுகொண்டே பார்த்தோம். ஆஸ்திரேலியா எடுத்தது 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்பது ஓட்டங்கள் தேவை; கையில் ஒரே விக்கெட். லான்ஸ் க்ளூஸ்னர் முதலிரண்டு பந்துகளையும் எல்லைக்கு விரட்டினார். இனி நான்கு பந்துகளில் ஒரே ஓட்டம். மூன்றாவது பந்தில் மறுமுனையிலிருந்த ஆலன் டொனால்ட் மயிரிழையில் ரன் அவுட்டாகாமல் தப்பினார். நான்காவது பந்தை அடித்த க்ளூஸ்னர் ஓடத் தொடங்கிவிட்டார். டொனால்டின் கண்களோ பந்தின் மீது இருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தபோது கூட்டாளி தம் பக்கமே வந்துவிட்டார். மட்டை கைநழுவி விழுந்தது. அதன் பின்பு ஓடியது பயன் தரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது; முந்தைய சுற்றின் கணக்கால் இறுதிப்போட்டிக்குச் சென்றது ஆஸ்திரேலியா. அன்று இருவரில் எவரும் சோம்பேறி அல்லர். எவருக்கும் அக்கறை குறைவில்லை. ஒரு சொல் போய்ச் சேரவில்லை.

என் பணியில் அந்தச் சொல் போய்ச் சேராத இடங்களை நாள்தோறும் காண்கிறேன். நம் வீடுகளில் நோயாளிகள் மிகுதியாகப் பயன்படுத்தும் சொல் ‘ஒண்ணுமில்ல’ என்பது. இரவு மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்திருப்பார். என்னவென்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல, நீ தூங்கு’. கேட்டவரும் பதிலுக்கு, தமக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தாலும், ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்ற எண்ணிப் பொய் சொல்லிக்கொண்டு, ஆடுகளத்தின் நடுவே திகைத்து நிற்பார்கள். அன்பின் மிகுதியால் நேரும் ரன் அவுட் இது. ‘மூச்சு வாங்குது, எழுப்புறேன்’ என்பது யெஸ். ‘இன்னிக்கு என்னால முடியல, தம்பியை வரச் சொல்லு’ என்பது நோ. ‘காலையில டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்’ என்பது வெயிட். இம்மூன்றையும் வாய்விட்டுச் சொல்லும் குடும்பங்கள் எங்கள் அவசரப் பிரிவுக்கு நள்ளிரவில் வருவது குறைவு. இது என் அனுபவத்தில் கண்டது. ஆய்வு முடிவு என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் உண்டு: வர்ணனை மேடையில் அமர்ந்திருப்போர். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உடன்பிறப்புகள், ஒன்றுவிட்ட மாமாக்கள், இணையத்தில் நோயைப் படித்துவிட்ட மைத்துனர்கள். அவர்கள் காணொளி அழைப்பில் வந்து, முடிந்துபோன பந்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ‘அன்னிக்கே வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்’, ‘அந்த மாத்திரையை ஏன் குடுத்தீங்க?’ முன்னாள் ஆட்டக்காரர்களாவது வெயிலில் நின்று ஆடியபின் வர்ணனைக்கு வந்தவர்கள். இவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: கருத்து இருந்தால் வையுங்கள், கூடவே, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளையும் வையுங்கள்.

பன்னாட்டுக் கிரிக்கெட் 2011 அக்டோபரில் ஒரு விதியை நீக்கிவிட்டது. அதற்கு முன்பு, காயம்பட்ட மட்டையாளருக்குப் பதிலாக ஓடுவதற்கு இன்னொருவர் வரலாம். எங்கள் தெருவில் அவரைப் ‘பைரன்னர்’ என்போம். அங்கே காயம் தேவையில்லை. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாலே பைரன்னர் கேட்கலாம். பன்னாட்டு ஆட்டத்தில் ஒழிந்துபோன அந்தப் பதவி, மருத்துவமனைகளில் மட்டும் முழு உயிர்ப்போடு இருக்கிறது. மருந்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் காப்பீட்டு மேசைக்கும் இரசீதுக் கவுண்டருக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் அந்த மகனைப் பாருங்கள். அவன் நோயாளியும் அல்லன், மருத்துவனும் அல்லன். அன்றைய தினம் இந்தக் கட்டடத்தில் அவனளவுக்கு நடந்தவர் எவருமில்லை.

இரவுக் காவலர் என்றொரு பதவியும் ஆட்டத்தில் உண்டு. மாலை மங்கும் நேரத்தில் ஒரு விக்கெட் விழுந்தால், நல்ல மட்டையாளரைக் காப்பாற்றுவதற்காகப் பந்துவீச்சாளர் ஒருவரை அனுப்பிவைப்பார்கள். அந்தி கவியும்வரை தாக்குப்பிடித்தால் போதும். 2006 ஏப்ரலில் சிட்டகாங்கில் அப்படி அனுப்பப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஜேசன் கில்லெஸ்பி, மறுநாளும் வெளியேறவில்லை. அதற்கு மறுநாளும் வெளியேறவில்லை. தம் பிறந்தநாளன்று 201 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். எங்கள் வார்டுகளில் ‘இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் நான் இருக்கேன்’ என்று பாயோடு வந்து, மூன்று வாரம் தங்கிவிட்ட சித்திகளையும் பெரியப்பாக்களையும் எண்ணிக்கொள்கிறேன். கில்லெஸ்பிக்கு அதுவே கடைசி டெஸ்ட் ஆட்டமாகவும் அமைந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்த அணித் தேர்வில் அவர் பெயர் இல்லை. சித்திகளுக்கும் பெரும்பாலும் அதே கதிதான்.

சில வீடுகளில் இரு முனைகளிலும் காயம்பட்டவர்களே நிற்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், அவருக்கு எழுபத்திரண்டு, டயாலிசிஸ், அம்மாவுக்கு அறுபத்தெட்டு, சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும். பேருந்தில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று சொல்ல முடியாது. இவர்களைக் காணும்போது எனக்கு 2021 ஜனவரி 11 சிட்னி நினைவுக்கு வரும். தொடைத்தசை பிய்ந்து ஓட முடியாத ஹனுமா விஹாரி ஒரு பக்கம். அன்று காலை குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட முடியாத அளவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட சென்னையின் அஸ்வின் மறுபக்கம். இருவரும் 259 பந்துகளைச் சேர்ந்து எதிர்கொண்டு, 62 ஓட்டங்கள் மட்டும் எடுத்து, ஆட்டத்தைச் சமனாக்கினார்கள். விஹாரி 161 பந்துகளில் 23. அஸ்வின் அவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தது ஸ்டம்ப் ஒலிவாங்கி வழியாக உலகுக்கே கேட்டது. அந்த ஆட்டத்தில் எவரும் வெல்லவில்லை. அதைப் பார்த்தவர்களில் எவரும் அது வீண் என்று சொல்லமாட்டார்கள். சிறுநீரக மருத்துவத்தில் நாங்கள் அன்றாடம் கேட்டுப்பெறும் முடிவும் அப்படிப்பட்டதுதான்: மாலைவரை நிற்பது, மறுநாள் காலை திரும்பவும் வருவது.

ஆனால் சிட்னியில்கூட நாற்பது நிமிட உணவு இடைவேளையும் இருபது நிமிடத் தேநீர் இடைவேளையும் உண்டு. இடையிடையே தண்ணீர் கொண்டுவர ஆட்கள் உண்டு. ஆறு பந்துகள் முடிந்தால் பந்துவீசும் முனையே மாறும். எந்த மட்டையாளரையும் காலையிலிருந்து இரவுவரை சாப்பாடின்றி நிற்கவைக்க விதிகள் இடம் தருவதில்லை. நம் வீடுகளில்தான் ஓவர் முடிவதே இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலும், பெரும்பாலும் ஒரே பெண்மணிதான், மனைவியோ மகளோ மருமகளோ, ஆண்டு முழுவதும் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ‘அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்’ என்று மற்றவர்கள் பெருமையோடு சொல்வார்கள். தெரியாமல் என்ன செய்வார்? மற்றவர்கள் தெரிந்துகொள்ள வரவில்லையே. இது பாராட்டு அன்று. விடுப்பு மறுக்கும் நாகரிகமான வழி. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பெயர்களை எழுதி, செவ்வாய் இவர், வியாழன் அவர், சனி இன்னார் என்று சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக வருபவர் முதல் இரண்டு முறை தடுமாறுவார். மாத்திரையின் பெயரைத் தப்பாகச் சொல்வார். மூன்றாம் முறை பழகிவிடுவார். நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

மருத்துவமனைகளுக்கும் இதில் பங்கு உண்டு. நாற்காலிக்குச் சாய்மானம் வேண்டும்; இரவு தங்குபவர் குளிக்க ஒரு நல்ல குளியலறை வேண்டும்; ‘அட்டெண்டர்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதலிரண்டுக்கும் பணம் தேவை. நிர்வாகக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதற்குச் செலவில்லை, எங்கள் பிரிவில் அதைத் தொடங்கிவிட்டோம்.

கூடவே ஆறு மாதங்களாக இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்து முடித்ததும், செவிலியர் பட்டையை மடித்து வைத்துவிடுவதில்லை; உடன் வந்தவரை அதே நாற்காலியில் அமரச் சொல்கிறார். அநேகமாக எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘எனக்கு எதுக்கு டாக்டர்? அவரைப் பாருங்க.’ மறுத்தவர்களும் ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னால் அமர்ந்துவிடுகிறார்கள். நாலாண்டுகளாகக் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துவரும் ஓர் அம்மா அப்படித்தான் அமர்ந்தார். மேலே 180, கீழே 110. திரும்பத் திரும்ப அளந்தும் 140க்கு 90 என்பதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய அளவு அது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ‘எழுதிக் குடுத்தாங்க டாக்டர். அவருக்கே பதினோரு மாத்திரை. அதுக்கு நடுவுல என்னோடது எங்க ஞாபகம் வருது?’ என்றார்.

அவர் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். நாலாண்டுகளாகப் பந்தை எதிர்கொண்டே பழகியவர். ஒன்றும் சொல்லாமல் தம் எடையும் தண்ணீர்க் கணக்கும் எழுதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அளவுகோல் இல்லாமல் பேனாவால் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தார். ‘இந்தப் பக்கம் இனிமே அவளோடது’ என்றார்.

அடுத்த மாதம் அந்த நோட்டைக் காட்டினார்கள். இடப்பக்கம் அவருடைய எடை; வலப்பக்கம் அம்மா மாத்திரை சாப்பிட்டதற்கான குறிகள், ஒரு நாளும் விடாமல். அம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம்: ‘காலையில எட்டு அடிச்சா போதும் டாக்டர், தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிடுறாரு.’ அழைப்பு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரத்த அழுத்தம் 138க்கு 86.

ஆகவே இந்த இதழை வாசிப்பவர்களில் உடன் வருபவர்கள், அடுத்த முறை வரும்போது உங்களுடைய மருந்துச்சீட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. காப்பியோ தேநீரோ குடித்து அரை மணி நேரத்துக்குள் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டக்கூடும். கேன்டீனுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் நாற்காலிக்கு வந்துவிட்டு, பிறகு நிதானமாகப் போகலாம். நோயாளி உள்ளே நாலு மணி நேரம் இருப்பார்.